ஏற வழியில்லாத சாலை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுதியது கைப்பழக்கம். இன்றைக்கு அந்த அன்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். போனில் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று அண்ணன் சொன்னான். போனில் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள், அவன் நடுவில் நின்று முழிப்பான். கடிதத்தில் எவ்வளவு கத்தினாலும் நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் வட்டாரச் சாலை வாரியத்திலிருந்து எங்கள் நகர்மன்றத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. புதிய புறவழிச்சாலைக்கு எங்கள் ஊரின் பங்கை வரும் ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் கட்ட வேண்டுமாம். எங்கள் கிளார்க் அதை ஒருமுறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அது எவ்வளவு பணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கணக்குப் போட்டதே உங்கள் பிரிவுதான். ஆனால் அது இங்கே என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியாது. குடிநீரில் கை வைக்க முடியாது. குப்பையில் கை வைக்க முடியாது. தெருவிளக்கும் அப்படித்தான். சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தாத ஒரே செலவு நகர்மன்றப் பேருந்து. இரண்டு வண்டிகளையும் நிறுத்தினால் உங்கள் பங்கு சரியாக வந்துவிடும். யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் அந்தப் பேருந்தில் டிக்கெட் கிழித்தவள் நான். பேருந்தை நிறுத்தப்போகிறார்கள் என்றுதான் தேர்தலில் நின்றேன். ஜெயித்துவந்து அதே பேருந்தை என் கையாலேயே நிறுத்த வேண்டுமா?

அதிலும் அந்தச் சாலை எங்கள் ஊருக்குள் வரவே இல்லை, அண்ணி. தூண்கள் மேல் தலைக்கு மேலே போகிறது. ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. அதன் நிழல் மட்டும் எங்கள் மேல் விழும். நிழலுக்கு வாடகை கேட்கிறீர்களா?

பதில் எழுதுங்கள். அலுவலகத் தாளில் வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

அன்புள்ள விசிலுக்கு,

நகர்மன்றத் தலைவரை இப்படிக் கூப்பிடலாமா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். அவள் பஸ்ஸில் விசில் ஊதிய நாளில் அந்தப் பெயரை வைத்ததே நான்தான், தாராளமாகக் கூப்பிடு என்றார். நீ எழுதியதை அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

நீ கத்தியதை முழுக்கப் படித்தேன். இப்போது நான் சொல்வதை நீ முழுக்கப் படி.

சாலைச் செலவில் பாதியை அரசு தருகிறது. கால் பங்கை வாரியம் கடன் வாங்குகிறது. மீதியை, சாலை எந்தெந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊர் எல்லைக்குள் எவ்வளவு நீளமோ, அந்த அளவுக்குப் பங்கு. இந்தச் சூத்திரத்தை நான் எழுதவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எழுதியது. நீங்கள் கட்டாவிட்டாலும் கவலையில்லை, உங்கள் ஊருக்கு வர வேண்டிய வரிப் பங்கிலிருந்து அது உங்களிடம் வந்துசேரும் முன்பே பிடித்துக்கொள்வார்கள். கட்டுகிறாயா என்று கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபப்படாதே. உன் ஊரின் பங்கு இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் நீதான். ஊருக்கு வெளியே பழங்களைப் பொதி கட்டும் ஷெட்டுகள் வரை பேருந்து விட வேண்டும் என்று நின்றாய். நகர்மன்றப் பேருந்து ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி. பேருந்தை எல்லை தாண்டவிட முடியாது என்றதும் நீ எல்லையையே இழுத்துக்கொண்டு போனாய். அந்தப் புதர்க்காட்டுத் துண்டை ஊரோடு சேர்த்தாய். அப்போது நான்கூட உன் சாமர்த்தியத்தை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் சாலைக்குக் கோடு போட வந்தவர்கள், வீடு இல்லை, வயல் இல்லை, வழக்கு இல்லை என்று அந்தத் துண்டின் மேலேயே நீளவாக்கில் போட்டுவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஒரு வழி இருக்கிறது. அந்தத் துண்டு வேண்டாம் என்று தீர்மானம் போட்டு எல்லையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோ. நீளம் குறையும், பங்கு பாதிக்கும் கீழே வரும். பேருந்தை நிறுத்த வேண்டியிருக்காது. ஷெட்டு வரை போகாது, அவ்வளவுதான். யோசித்துப் பார்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

அவ்வளவுதான் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். தீர்மானத்தில் மன்றம் சரிபாதியாகப் பிரிந்தது. என் ஓட்டுதான் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்களில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவளை ஊரே லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடும். என் பேருந்தில் முன்வாசல் பக்கத்து இருக்கையை யாருக்கும் விட்டுத் தராதவள். அவள் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஓட்டுக் கேட்டு வந்தப்ப நாங்க ஊருக்குள்ள இருந்தோம். காசு கேட்டு வந்ததும் நாங்க வெளியில போயிட்டோமா?"

அதற்குப் பிறகும் நான் கையைத் தூக்கினேன், அண்ணி. ஒரு பேருந்தாவது ஓடட்டும் என்று தூக்கினேன். எல்லைக் கல் பழைய இடத்துக்குப் போனது. இப்போது வண்டி அங்கே நிற்கிறது, பெண்கள் இறங்குகிறார்கள். மீதித் தூரத்தை உங்கள் தூண்களுக்கு அடியில் நடந்து போகிறார்கள். மண் ஏற்றிய லாரிகள் அவர்களை உரசிக்கொண்டு போகின்றன. நடைபாதை கிடையாது, விளக்கும் கிடையாது. எந்த ஊருக்கும் சேராத இடத்துக்கு யார் விளக்குப் போடுவார்கள்?

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் லாரிக்கு ஒதுங்கப் போய்த் தூணுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கை இல்லாமல் பொதி கட்ட முடியாது என்று ஷெட்டில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. காபி கொடுத்தேன், குடிக்காமல் எழுந்து போனாள்.

உங்கள் வாரியத் திட்டப் புத்தகத்தைக் கிளார்க் எனக்காக வரவழைத்தார். புறவழிச்சாலை சுற்றிப் போகும் பெரிய நகரத்துக்கு நான்கு ஏறுபாதைகள். நான்கும் 'பொதுச் செலவு'. அதாவது அதில் எங்கள் காசும் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் அது 'ஊரின் சொந்த விருப்பம்', முழுச் செலவும் எங்களுடையது. நகரத்தைச் சாலையின் இரண்டு நுனி மட்டும்தான் தொடுகிறது, அதனால் பங்கும் நுனியளவுதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதைச் சூத்திரம் என்று எழுதி வைத்தவர் என் முன்னால் வந்து நிற்கட்டும்.

உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

நாத்தனார்


மே 6

விசில்,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எல்லையைக் குறைத்ததில் உன் ஊருக்குப் பைசா மிச்சமில்லை.

திருத்திய கணக்கு நேற்று என் மேசைக்கு வந்தது. உன் ஊரின் பங்கு குறையவே இல்லை. தவறு நடந்திருக்கிறது என்று நினைத்துக் கீழே இறங்கிப் போய்க் கணக்குப் போட்டவர்களிடம் கேட்டேன். விதியின் பின்னிணைப்பை எடுத்துக் காட்டினார்கள். எந்த ஊர் எல்லைக்குள்ளும் வராத நீளத்தை, அதை ஒட்டிய ஊர்களுக்குப் பங்கிட வேண்டும். அந்தத் துண்டை ஒட்டி உன் ஊர் மட்டும்தான் இருக்கிறது.

அந்த வரியை நான் படித்திருக்கிறேன். ஆற்றுப் பாலங்களுக்காக எழுதியது என்று நினைத்திருந்தேன். ஆறு எந்த ஊருக்கும் சொந்தமில்லையே, அதனால். மனிதர்கள் நடக்கும் இடத்துக்கும் அதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிதிப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, சொந்த நாத்தனாருக்குத் தப்பு வழி காட்டிய அறிவாளி நான்.

இயக்குநரிடம் போனேன். நிலத்தை எடுத்துக்கொண்டீர்கள், பேருந்தை எடுத்துக்கொண்டீர்கள், இப்போது அவர்களிடம் இல்லாத நிலத்துக்கும் பணம் கேட்கிறீர்களே என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "சாலை அந்தரத்துலயா தொங்கும், மேடம்? யாராவது கட்டித்தானே ஆகணும்?" என்று சிரித்தார். யாராவது என்றால் எப்போதும் சின்ன ஊர்தானா என்று கேட்டேன். பெரிய ஊர் கேள்வி கேட்கும், சின்ன ஊர் கட்டிவிடும், இது இன்றைக்கு நேற்றா நடக்கிறது என்றார். அதை ஒரு ரகசியம் போலக்கூடச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று படித்திருக்கிறேன். அந்த வாய்க்காலுக்கு மண்வெட்டி பிடித்துக்கொண்டு நின்றவள் நான் என்பது அந்த அறையில்தான் உறைத்தது.

திருத்திய நோட்டீசில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதம் விடுப்பில் போங்கள் என்றார்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேட்க உனக்கு மனம் வராது. ஆனாலும் கேள். ஜூன் பத்தாம் தேதி ஆட்சேபக் கூட்டம். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் உன்னைப் பேச விட்டே ஆக வேண்டும். நீ மட்டும் வராதே. அங்கே நடக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வா. கணக்குப் பேசினால் உன்னைக் கணக்கிலேயே மடக்குவார்கள். கணக்கே பேசாதே.

அண்ணி


மே 9

அண்ணிக்கு,

கிடைத்தது.

ஒரு பெண்ணின் கை முறிந்திருக்கிறது. லேபிள் அக்கா இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எதற்காகக் கையைத் தூக்கினேனோ அதுவும் வீண் என்று நான் அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் ஆற்றுப் பாலம் என்று நினைத்தீர்கள் என்று சொல்லட்டுமா?

இதற்கு மேல் எழுதினால் அப்புறம் நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க முடியாது. நிறுத்திக்கொள்கிறேன். கூட்டத்துக்குப் போவோம்.


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

கூட்டம் நடந்த அறைக்குள் உங்களை விடவில்லை என்று அண்ணன் சொன்னான். விடுப்பில் இருக்கும் அதிகாரிக்கு அனுமதியில்லையாம். வாசலில் வெயிலில் நின்றீர்களாம். உள்ளே நடந்ததை நானே எழுதுகிறேன்.

முதலில், அதற்கு முன் நடந்தது. ஷெட்டு வாசலுக்குப் போய் எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னேன். எல்லையைக் குறைத்தது வீண், உங்களை விட்டுக்கொடுத்ததும் வீண் என்று சொன்னேன்.  பிறகு லேபிள் அக்கா, மறுபடி எங்களை உள்ளே எடுத்துக்கொள், அப்புறம் கூட்டத்துக்கு வருகிறோம் என்றாள். நியாயம்தானே? பங்கு எப்படியும் அதேதான். மன்றத்தைக் கூட்டினேன், இந்தத் தடவை ஒரு கைகூட எதிர்த்துத் தூக்கவில்லை. துண்டு மறுபடி எங்களுடையது. வண்டி மறுபடி ஷெட்டு வரை போகிறது, எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியவில்லை.

கூட்ட அறையில் குளிர்சாதனம் பலமாக ஓடியது. பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கை முறிந்தவள் கட்டோடு வந்திருந்தாள். வாரியத் தலைவர் மேடையில், நகரத்தின் ஆட்கள் முன்வரிசையில், எங்களுக்குக் கடைசி வரிசை. பொறியாளர் திரையில் படம் காட்டினார். வெள்ளை வெள்ளைக் கார்கள் மேலே பறக்கின்றன. கீழே பச்சைப் புல், ஒரு குழந்தை பலூனோடு ஓடுகிறது. அது எங்கள் புதர்க்காடு என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது.

என் முறை வந்தது. நீங்கள் சொன்னபடி கணக்குப் பேசவில்லை. பேருந்தைப் பற்றிச் சொன்னேன், பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். வாரியத் தலைவர் தலையாட்டிக் கேட்டார். இந்த மாதிரி நன்றாகத் தலையாட்டுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். கேட்டு முடித்துவிட்டு, எல்லாம் வருத்தம்தான், ஆனால் இந்தச் சாலையால் உங்கள் ஊருக்கு வரப்போகும் நன்மையையும் பாருங்கள், நகரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆவது இனி அரை மணி நேரம்தான் என்றார். முன்வரிசை கைதட்டியது.

கைதட்டல் நின்றதும் லேபிள் அக்கா எழுந்தாள். அவளைப் பேசச் சொல்லி நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ரொம்ப நல்லதுங்க. நாங்க எங்க ஏறுறது?"

வாரியத் தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். உங்கள் ஊருக்கு மிக அருகிலிருக்கும் ஏறுபாதை இது என்று குச்சியை வைத்தார். குச்சி நகரத்தின் கிழக்கு வாசலில் நின்றது.

அக்கா அதை நிதானமாகப் பார்த்தாள். "அப்ப, நகரத்துக்குச் சீக்கிரமா போறதுக்கு நாங்க முதல்ல நகரத்துக்குப் போகணும். அங்க ஏறி, எங்க ஊர் மேலயே வந்து, மறுபடி நகரத்துல இறங்கணும். அதுக்குத்தான் எங்க பஸ்ஸை நிறுத்துறீங்களா?"

அண்ணி, அந்த அறை சிரித்தது. எங்கள் வரிசை சிரிக்கவில்லை, முன்வரிசைதான் முதலில் சிரித்தது. நகரத்து ஆட்களுக்கே அடக்க முடியவில்லை. பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். வாரியத் தலைவர் தண்ணீர் குடித்தார். எத்தனை நியாயம் பேசியிருந்தாலும் அவர் அசைந்திருக்க மாட்டார். தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்ததும் அசைந்துவிட்டார்.

முடிவு நேற்று வந்தது. ஏறுபாதை இல்லாத ஊர்களிடமிருந்து இந்த வருடம் பிடித்தம் கிடையாது. சூத்திரத்தைப் பரிசீலிக்க ஒரு குழு. குழு என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், நானும் இரண்டு குழு போட்டு வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்த வருடம் வண்டி ஓடும்.

இன்றைக்குப் பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'சிற்றூருக்கு வாரியம் சலுகை.' எங்கள் பணத்தை எங்களிடமே விட்டுவைத்ததற்குப் பெயர் சலுகையாம். திருடன் ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போனால் அவனுக்கு மாலை போட வேண்டுமா? காலையிலிருந்து எனக்கு ஆறவில்லை.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். முழுதாகப் போகவில்லை. மணிக்கட்டு முறிந்தவளைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மேலும் வருகிறது, என் மேலும் வருகிறது. ஆனால் நீங்கள் வெயிலில் நின்றதை அண்ணன் சொன்னபோது நான் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 2

அன்புள்ள விசிலுக்கு,

கோபத்தை வைத்துக்கொள். எனக்கும் தேவைப்படுகிறது.

என்னை மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று எங்கேயும் எழுதவில்லை, 'நிர்வாக வசதிக்காக' என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய வசதி என்று உன் அண்ணன் கேட்டார். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் ஊர், இங்கேயும் ஒரு வட்டாரச் சாலை வாரியம். ஜன்னல் திறக்காத அறை, ஆடும் மேசை. மேசைக் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். உன் அண்ணன் மாத முடிவில் வருவார். நான் கிளம்பும்போதே, மணிக்கட்டு முறிந்த பெண்ணுக்கு அவரிடம் கொஞ்சம் பணம் கொடுத்தனுப்பினேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். அவர் வாயில் எதுவும் தங்காது, சொல்லியிருப்பார்.

முதல் நாளே என் கையெழுத்துக்கு அடுத்த தவணை நோட்டீசின் கோப்பு வந்தது. இங்கேயும் புறவழிச்சாலை. இங்கேயும் தூண்கள் மேல் போகிறது. இங்கேயும் அதே சூத்திரம், அதே பின்னிணைப்பு. நடுவில் ஒரு சின்ன ஊர், உன் ஊரைவிடச் சின்னது. வரைபடத்தை விரித்து, விரலை வைத்துத் தேடினேன். அந்த ஊரில் ஏற இடமில்லை.

அதன் தலைவர் தையல் கடை வைத்திருப்பவராம். முதல் தவணையை ஒழுங்காகக் கட்டிவிட்டார். அதற்காக நூலகத்தை மூடிவிட்டார். கேள்வி கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியவில்லை. கட்டியதற்கு வாரியம் அவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதன் நகலைப் படித்துவிட்டு என்னால் மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

கோப்பை இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, நான் போடாவிட்டால் பக்கத்து அறையில் போட ஆள் இருக்கிறது. அதிகாரியாக இருந்துகொண்டு நானே அவருக்கு எழுதினால் ஆட்சேபமே செல்லாது என்பார்கள். நீ எழுதலாம். ஒரு ஊர்த் தலைவர் இன்னொரு ஊர்த் தலைவருக்கு எழுதுவதை யார் தடுக்க முடியும்? ஆட்சேபக் கூட்டம் ஆகஸ்ட் முதல் வாரம். லேபிள் அக்கா கேட்ட கேள்வியை அப்படியே எழுதி அனுப்பு. அவர் ஊரிலும் அதைக் கேட்க ஒருத்தி இருப்பாள்.

முகவரி கீழே இருக்கிறது. வாரியத்தில் அவருக்கு அண்ணி யாரும் இல்லை, விசில். இன்றைக்கே எழுது.

அண்ணி